மூன்றாம் வகுப்பு: பள்ளி கேட்பதும், பெற்றோர் கேட்க வேண்டியதும்

பள்ளிகள் திறந்து, பெற்றோர் கூட்டங்கள் நடக்கும் காலம் இது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோரிடம் ஆசிரியர்கள் வழக்கமாகச் சில விஷயங்களைச் சொல்வார்கள். பிள்ளை தினமும் நேரத்துக்கு வர வேண்டும். தலைவாரி, நகம் வெட்டி, துவைத்த சீருடையில் வர வேண்டும். வீட்டுப்பாடத்தை அன்றன்றே முடிக்க வேண்டும். காரணமில்லாமல் விடுப்பு எடுக்கக் கூடாது. வீட்டில் தினமும் கொஞ்ச நேரமாவது வாசிக்க வைக்க வேண்டும்.

இவற்றில் எதையும் குறை சொல்ல முடியாது. எல்லாமே பிள்ளையின் நன்மைக்கானவை. ஆனால் இது பாதிப் பட்டியல்தான். பள்ளி குடும்பத்திடம் எதிர்பார்ப்பது இதில் இருக்கிறது. குடும்பம் பள்ளியிடம் எதிர்பார்க்க வேண்டியது எந்தச் சுவரிலும் எழுதி ஒட்டப்படுவதில்லை. எந்தக் கூட்டத்திலும் பேசப்படுவதில்லை. சேரியிலிருந்து பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு அந்த மறுபாதிதான் முக்கியம். எங்கே உட்காருவது, யார் தண்ணீர் மொண்டு வருவது, யார் துடைப்பம் எடுப்பது, யார் வகுப்பு லீடர் என்ற தினசரி வழக்கங்களில்தான் எட்டு வயதுப் பிள்ளை தன்னைப் பற்றி உலகம் என்ன நினைக்கிறது என்பதைக் கற்றுக்கொள்கிறது. பாடப்புத்தகம் 'தீண்டாமை ஒரு பாவச் செயல்' என்கிறது. வகுப்பறை வழக்கம் அதற்கு நேர்மாறாக இருந்தால், பிள்ளை எதை நம்பும்?

ஏன் மூன்றாம் வகுப்பு?

முதல் இரண்டு வகுப்புகளில் பிள்ளை வாசிக்கக் கற்கிறது. மூன்றாம் வகுப்பிலிருந்து கற்பதற்காக வாசிக்கத் தொடங்குகிறது. அறிவியலானாலும் சரி, கணக்கில் வரும் வாக்கியங்களானாலும் சரி, எல்லாம் எழுத்தின் வழியாகத்தான் வருகின்றன. எழுத்துக் கூட்டவே தடுமாறும் பிள்ளைக்கு இதற்குமேல் எந்தப் பாடமும் எட்டாது.

இதை உணர்ந்துதான் தமிழ்நாடு அரசு 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தை ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புகளுக்குத் தொடங்கியது. எட்டு வயதுக்குள் ஒவ்வொரு பிள்ளையும் பொருள் உணர்ந்து படிக்கவும், அடிப்படைக் கணக்கைச் செய்யவும் வேண்டும் என்பது அதன் இலக்கு. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளின் நிலை பிரிக்கப்பட்டு, அதற்கேற்பப் பயிற்சி தரப்படுகிறது. தேசிய அளவிலான கற்றல் அடைவு ஆய்வுகளும் மூன்றாம் வகுப்பைத்தான் முதல் மைல்கல்லாக எடுத்துக்கொள்கின்றன.

இன்னொரு காரணமும் உண்டு. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி மூன்றாம் வகுப்பில் யாரையும் தோல்வியடையச் செய்ய முடியாது. அது சரியான விதி. தோல்வி என்ற முத்திரை குத்தினால் முதலில் பள்ளியை விட்டு நிற்பவர் கூலி வீட்டுப் பிள்ளைகள்தான். ஆனால் 'எப்படியும் மேலே போய்விடும்' என்று பள்ளியும் வீடும் கண்ணை மூடிக்கொண்டால், வாசிக்கத் தெரியாத பிள்ளை ஒவ்வொரு வகுப்பாகத் தாண்டி ஒன்பதாம் வகுப்பில் போய் முட்டி நிற்கிறது. அங்கிருந்து அது போகும் இடம் செங்கல் சூளை, பனியன் கம்பெனி, சமையல் வேலை என்று நமக்குத் தெரியும். அப்போது 'அவங்களுக்குப் படிப்பு ஏறாது' என்ற பழைய வசனம் மீண்டும் வரும். ஏறாமல் போனது எங்கே என்று தேடினால், பல நேரங்களில் அது மூன்றாம் வகுப்பிலேயே இருக்கும்.

வகுப்பறையின் ஒரு நாள்

காலையிலிருந்து மாலை வரை ஒரு தொடக்கப் பள்ளி நடக்கும் விதத்தைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில் காலை உணவு. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவான திட்டம் இது. விடியும் முன்பே களை எடுக்கவோ கரும்பு வெட்டவோ போகும் தாய்க்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் விரிவாக்கம் நடந்த சில நாட்களிலேயே, கரூர் மாவட்டத்திலும் தூத்துக்குடி மாவட்டத்திலும் பட்டியல் சாதிப் பெண் சமைத்ததால் தங்கள் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று சில பெற்றோர் தடுத்தார்கள். ஆட்சியரும் அமைச்சரும் நேரில் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. உப்புமாவில் சாதி பார்க்கும் பழக்கம் பிள்ளைகளுடையதல்ல, பெரியவர்களுடையது. ஆகவே எல்லாப் பிள்ளைகளும் ஒரே பந்தியில் கலந்து உட்காருகிறார்களா, தட்டும் டம்ளரும் பொதுவாக இருக்கின்றனவா என்பதை ஆசிரியர் தினமும் கவனிக்க வேண்டும். 'சாப்பிட விருப்பமில்லையாம்' என்று ஒரு தெருப் பிள்ளைகள் மட்டும் தொடர்ந்து ஒதுங்கினால், காரணம் என்னவென்று விசாரிப்பது ஆசிரியரின் கடமை.

அடுத்து வருகைப் பதிவு. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு மாணவரும் அவருடைய தங்கையும் சக மாணவர்களால் வெட்டப்பட்ட கொடுமைக்குப் பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒரு நபர் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் அது அறிக்கை தந்தது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, ஆசிரியர்கள் நேராகவோ மறைமுகமாகவோ மாணவரின் சாதியைக் குறிப்பிட்டு அழைக்கக் கூடாது என்பவை அதன் பரிந்துரைகளில் உள்ளவை. உயர்நிலைப் பள்ளிகளில் கையில் கட்டும் சாதிக் கயிற்றைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அந்தக் கயிறு மணிக்கட்டில் ஏறுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, 'காலனிப் பசங்க எல்லாம் எழுந்திரிங்க' என்று ஒரு குரல் மூன்றாம் வகுப்பில் கேட்டிருக்கும். 'காலனி' என்ற சொல்லையே அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வகுப்பறையும் அந்தச் சொல்லை மறக்க வேண்டும். பிள்ளைக்குப் பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி அழைத்தால் போதும்.

உட்காரும் இடம். ஒரே தெருப் பிள்ளைகள் ஒன்றாகத்தான் வருவார்கள். ஒன்றாகத்தான் உட்கார விரும்புவார்கள். 'அவங்களா அப்படி உட்கார்ந்துக்கிறாங்க' என்று விட்டுவிடுவது எளிது. ஆனால் ஊரின் வரைபடமே வகுப்பறைத் தரையிலும் வரையப்பட்டுவிடும். பெயரின் அகர வரிசையில் உட்கார வைத்து, மாதம் ஒருமுறை இடம் மாற்றினால் இது தீரும். இதற்குச் செலவும் இல்லை, ஆணையும் தேவையில்லை. அம்பேத்கர் சதாராவில் படித்தபோது தனியாகக் கோணியில் உட்கார வைக்கப்பட்டார். அந்தக் கோணியையும் வீட்டிலிருந்து அவரே கொண்டுவந்து எடுத்துப்போக வேண்டியிருந்தது. இன்று கோணி இல்லை. ஆனால் கடைசி வரிசை இருக்கிறது.

தண்ணீர். அதே பள்ளியில் கடைநிலை ஊழியர் வந்து குழாயைத் திறந்துவிட்டால்தான் அம்பேத்கருக்குத் தண்ணீர். அவர் வராத நாளில் தாகம்தான். இன்றைய சட்டம் தெளிவானது. பொதுக் குழாயைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதும், பொதுப் பாத்திரங்களைத் தொடவிடாமல் தடுப்பதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். பானையில் மொள்ளும் வேலை ஒரு சில பிள்ளைகளுக்கு மட்டும் கொடுக்கப்படுகிறதா, மற்றவர்கள் பானையைத் தொடக் கூடாது என்று சொல்லாமல் சொல்லப்படுகிறதா என்று பெற்றோர் பிள்ளையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

துப்புரவு. வகுப்பறையைத் தூய்மையாக வைத்துக்கொள்வது எல்லாப் பிள்ளைகளும் பழக வேண்டிய நல்ல பழக்கம். கரும்பலகை துடைப்பது, குப்பையைத் தொட்டியில் போடுவது, பாயைச் சுருட்டி வைப்பது எல்லாம் சுழற்சி முறையில், வருகைப் பதிவேட்டு வரிசையில், ஆண் பெண் வேறுபாடில்லாமல் எல்லோருக்கும் வர வேண்டும். கழிப்பறை கழுவுவது இந்தப் பட்டியலில் சேராது. எந்தப் பிள்ளையையும் அதற்கு அனுப்பக் கூடாது. 2022இல் ஈரோடு மாவட்டம் பெருந்துறை அருகே ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிப்பறை சுத்தம் செய்ய வைத்ததாக எழுந்த புகாரில் தலைமையாசிரியை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் கைது செய்யப்பட்டார். அந்தச் செய்தி வெளியே வந்தது ஒரு தாய் தன் பிள்ளையிடம் கேட்டதால்தான். பள்ளிக் கழிப்பறைக்குத் தூய்மைப் பணியாளர் நியமிக்க வழி இருக்கிறது. அவருக்குத் தரப்படும் சொற்பத் தொகையை உயர்த்திக் கேட்பதும், அவருக்குக் கையுறையும் மரியாதையும் தரச் சொல்வதும் நம் வேலை. அவர் பெரும்பாலும் நம் தெருப் பெண். அவருடைய மகளே அந்த வகுப்பில் படித்துக்கொண்டிருக்கலாம்.

வாசிப்பு நேரம். ஆசிரியர் யாரை எழுப்பிப் படிக்கச் சொல்கிறார் என்பதைக் கவனித்தாலே வகுப்பின் நிலை புரியும். நன்றாகப் படிக்கும் நான்கு பிள்ளைகளே தினமும் படித்தால் வகுப்பு சரளமாக நடப்பதுபோலத் தெரியும். மற்றவர்கள் உதடு அசைப்பார்கள். மூன்றாம் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் வாரத்தில் இரண்டு நாளாவது தனியாக, உரக்கப் படித்து ஆசிரியர் கேட்டிருக்க வேண்டும். தவறாகப் படித்தால் சிரிப்பதற்கு வகுப்பில் யாருக்கும் அனுமதி இருக்கக் கூடாது. பிள்ளை தன் வீட்டுப் பேச்சில் பதில் சொன்னால், 'இது என்ன பேச்சு' என்று மட்டந்தட்டாமல் அதையே படியாக வைத்து எழுத்துத் தமிழுக்கு ஏற்றிவிட வேண்டும். அடிப்பதும், மனம் நோகத் திட்டுவதும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவால் தடை செய்யப்பட்டவை. 'நாலு போடு போட்டுப் படிக்க வைங்க சார்' என்று சொல்லும் பெற்றோரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியது

பள்ளியைக் கேள்வி கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது என்றால், நம் பங்கைச் செய்யும் கடமையும் இருக்கிறது. படிக்காத பெற்றோரால் என்ன செய்ய முடியும் என்று தயங்க வேண்டாம். பின்வருபவற்றுக்கு எழுத்தறிவு தேவையில்லை.

தினமும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புங்கள். வாரம் ஒரு நாள் நின்றால் ஆண்டில் ஏறத்தாழ நாற்பது நாள் போய்விடும். மூன்றாம் வகுப்பில் அது ஒரு பருவத்தின் பாடத்தில் பாதிக்கும் மேல். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளப் பெண் பிள்ளையை நிறுத்தாதீர்கள். குழந்தைக்கு அங்கன்வாடி இருக்கிறது.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் பிள்ளையைப் புத்தகத்தை எடுத்து உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். உங்களுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் அது நிறுத்தாமல் படிக்கிறதா, திக்குகிறதா என்பது காதுக்குத் தெரியும். படித்தது என்ன கதை என்று கேளுங்கள். சொல்லத் தெரிந்தால் பிள்ளை புரிந்து படிக்கிறது. சொல்லத் தெரியாவிட்டால் மறுநாள் ஆசிரியரிடம் போய், 'என் பிள்ளை எழுத்துக் கூட்டுதே தவிர புரிஞ்சு படிக்கல' என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் பல தேர்வுகளைவிடப் பயனுள்ளது.

கணக்குக்கு வீடே போதும். கடைக்குப் போகும்போது மீதிச் சில்லறையை எண்ணச் சொல்லலாம். கூலி எத்தனை நாள், எவ்வளவு என்று கூட்டச் சொல்லலாம்.

மாலையில், 'இன்னைக்கு என்ன படிச்ச' என்பதோடு இன்னும் மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேளுங்கள். யார் பக்கத்துல உட்கார்ந்த? மத்தியானம் யார்கூடச் சாப்பிட்ட? உன்னை ஏதாவது வேலை செய்யச் சொன்னாங்களா? மிரட்டாமல், சாதாரணமாகக் கேட்டால் பிள்ளை சொல்லும்.

சூளைக்கோ கரும்பு வெட்டுக்கோ குடும்பத்தோடு போக வேண்டிய நிலை வந்தால், மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கும் முன்பே தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள். பாட்டி தாத்தாவிடமோ விடுதியிலோ பிள்ளையை விட்டுச் செல்ல வழி இருக்கிறதா என்று பாருங்கள். கூட்டிப்போவதே முடிவானால், போகும் ஊர்ப் பள்ளியில் சேர்க்கலாம். மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்று சொல்லிச் சேர்க்கையை மறுக்கச் சட்டம் இடம் தரவில்லை.

சேர வேண்டிய உதவிகளையும் விட்டுவிடாதீர்கள். மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவிகளுக்கு ஊக்கத்தொகைத் திட்டம் இருக்கிறது. துப்புரவு போன்ற சுகாதாரக் குறைவான தொழில் செய்வோரின் பிள்ளைகளுக்குத் தனி உதவித்தொகை உண்டு. அதற்கு வருமான வரம்பு கிடையாது. சாதிச் சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயரும் முதலெழுத்தும் ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே சரிபார்த்துக்கொள்ளுங்கள். பணம் வராமல் நிற்பது பெரும்பாலும் இங்கேதான்.

பெற்றோரிடம் கேட்கக் கூடாதவை

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் கிராமப் பள்ளிகளில் அர்ப்பணிப்போடு உழைக்கும் ஆசிரியர்கள் ஏராளம். அவர்களில் பலர் இதே தெருக்களில் பிறந்து, முதல் தலைமுறையாகப் படித்து மேலே வந்தவர்கள். அவர்களுக்கு இது புரியும்.

வீட்டுப்பாடம் பிள்ளை தானாகச் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். அம்மாவோ டியூஷன் அக்காவோ செய்து தருவதாக இருக்கக் கூடாது. சார்ட் பேப்பர், வண்ணப்படம், பிரிண்ட் அவுட் என்று கேட்பது கூலி வீட்டில் ஒரு நேரச் சாப்பாட்டில் கை வைப்பது. வாட்ஸ்அப் குழுவில் மட்டும் தகவல் அனுப்பினால், வீட்டில் இருக்கும் ஒரே போன் அப்பாவோடு வெளியூர் வேலைக்குப் போயிருக்கும். கையெழுத்து வாங்கி வரச் சொல்லி, கைநாட்டு வைத்து வந்த பிள்ளையை வகுப்பின் முன் சிரிக்க வைத்துவிடக் கூடாது. 'பெற்றோருக்கு அக்கறை இல்லை' என்று எழுதும் முன், பெற்றோர் கூட்டம் எத்தனை மணிக்கு வைக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும். காலை பதினொரு மணிக் கூட்டத்துக்கு வர ஒரு தாய் தன் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். மாலையில் வையுங்கள். ஆண்டுக்கு ஒரு கூட்டத்தையாவது சேரியின் சமுதாயக்கூடத்திலோ மரத்தடியிலோ வையுங்கள். ஆசிரியர் எங்கள் தெருவுக்கு வந்தார் என்பதே பிள்ளைக்கு ஒரு பாடம்.

குழுவில் நம் இடம்

ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி அதன் உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோராக இருக்க வேண்டும். பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு உரிய விகிதத்தில் இடம் தர வேண்டும். பல ஊர்களில் நம் பெண்களின் பெயர் பட்டியலில் இருக்கிறது. அவர்களோ கையெழுத்துக்கு மட்டும் அழைக்கப்படுகிறார்கள். கூட்டத்துக்குப் போங்கள். போய் நாற்காலியில் உட்காருங்கள். உட்காரும் வரிசை, துப்புரவுச் சுழற்சி, குடிநீர், கழிப்பறை, வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தனிப் பயிற்சி ஆகியவற்றைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். வாயால் பேசியது காற்றில் போகும்; தீர்மானமாக எழுதியதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

ஏதேனும் தவறு நடந்தால் முதலில் தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள். தீராவிட்டால் வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் மனுக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இரண்டையும் பிள்ளையின் நோட்டுப் புத்தக அட்டையில் எழுதி வையுங்கள். சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது, கழிப்பறை கழுவ வைப்பது போன்றவை 'பேசித் தீர்க்கும்' விஷயமல்ல. அவை சட்டப்படி குற்றம்.

படிக்கும் இளைஞர்களுக்கு

இந்தப் பகுதியைப் படிக்கும் கல்லூரி மாணவர்களிடமும் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடமும் ஒன்று கேட்கிறோம். சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரில் கல்விக் கழகம் தொடங்கியபோது அரசின் காலை உணவும் இல்லை, இலவசப் புத்தகமும் இல்லை. அவர் தொடங்கிவைத்த பணியில் மிச்சம் இருப்பது உங்கள் தெருவிலேயே இருக்கிறது. மாலையில் அரை மணி நேரம், வாரம் நான்கு நாள், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேரை உட்கார வைத்துப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். பெற்றோருக்குப் பள்ளியிலிருந்து வரும் கடிதத்தைப் படித்துச் சொல்லுங்கள். மனு எழுதிக் கொடுங்கள். சிலையைச் சுற்றிப் பந்தல் போடும் உழைப்பில் கொஞ்சத்தை இதற்குத் தந்தால் போதும்.

நம் கோரிக்கை சின்னது. மூன்றாம் வகுப்புப் பெற்றோருக்குச் சொல்லப்படும் எதிர்பார்ப்புகளோடு, பள்ளி அந்தப் பிள்ளைக்குத் தரும் உறுதிகளையும் சேர்த்து ஒரே தாளில் எழுதி, ஒவ்வொரு தொடக்கப் பள்ளியின் வாசலிலும் ஒட்ட வேண்டும். நேரத்துக்கு வருவோம் என்று குடும்பம் சொல்லட்டும். பெயர் சொல்லி அழைப்போம், கலந்து உட்கார வைப்போம், தனியே படிக்கச் சொல்லிக் கேட்போம், அடிக்க மாட்டோம், எந்தப் பிள்ளையையும் கழிப்பறைக்குத் துடைப்பத்தோடு அனுப்ப மாட்டோம் என்று பள்ளி சொல்லட்டும். மாவட்டக் கல்வி நிர்வாகம் ஒரு சுற்றறிக்கையில் இதைச் செய்துவிடலாம். அது வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் நாமே தீர்மானமாகக் கொண்டுவரலாம்.